டி.சி. கொடுத்தால் போதை தீருமா?

போதைக்கு ஆளான மாணவனிடம் நாட்டின் சட்டம் காட்டும் பொறுமையைக்கூடப் பல கல்லூரிகள் காட்டுவதில்லை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கடுமைக்குப் பேர்போனது. கஞ்சா புகைத்ததற்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு. அதே சட்டத்தின் 64-ஏ பிரிவு, சிறிய அளவோடு பிடிபட்ட போதை அடிமை தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால் அவர்மீது வழக்கு நடத்தக் கூடாது என்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால்தான் அந்தச் சலுகை பறிபோகும். கல்லூரியிலோ விஷயம் வெளியே வந்ததும் பெற்றோரை அழைத்து டி.சி.யைக் கையில் கொடுப்பதே வழக்கமாக இருக்கிறது.

ஆந்திராவில் தமிழ்நாட்டை ஒட்டியுள்ள விஜயபுரம் போன்ற எல்லை மண்டலத்தில் அந்தத் தாளின் கனம் அதிகம். நகரி, புத்தூர், திருத்தணி, திருப்பதி என்று வெளியூர் போய்த்தான் படிக்க வேண்டும். பல வீடுகளில் அந்தப் பிள்ளைதான் முதல் பட்டதாரி. திருப்பி அனுப்பப்பட்ட மறுநாளே ஊருக்குக் காரணம் தெரிந்துவிடும். கல்லூரியை இழந்தவன் அதோடு வகுப்பு நண்பர்களையும், முகம் பார்த்தே கேள்வி கேட்கும் ஆசிரியரையும், குடிக்காமல் இருக்கக் காரணமான தேர்வையும் இழக்கிறான். மீள்வதற்கு வேண்டியவை எவையோ அவற்றையே பிடுங்கிக்கொண்டு, திருந்தி வா என்கிறோம். மதுவுக்கு அடிமையானவர்களில் ஏதேனும் சிகிச்சை பெற்றதாகச் சொன்னவர்கள் 38-இல் ஒருவரே என்று 2019-இல் வெளிவந்த தேசிய ஆய்வு காட்டியது. காரணங்கள் பல இருக்கலாம். வெட்கமும் பயமும் அவற்றில் முன்வரிசையில் நிற்பவை.

ஒருவனை விட்டுவைத்தால் விடுதியே கெட்டுவிடும் என்பார்கள். விற்பவனைப் பற்றியென்றால் அது சரி, அவனைப் போலீசில் ஒப்படைப்பதில் எனக்கு மறுப்பில்லை. சரக்கை ஒழிக்கும் வேலையும் நடக்கத்தான் செய்கிறது: 2022 பிப்ரவரியில் ஆந்திரப் போலீசார் அனகாபல்லி அருகே சுமார் இரண்டு லட்சம் கிலோ கஞ்சாவைத் தீயிட்டார்கள். ஆனால் ஏற்கெனவே பழகிவிட்டவனுக்கு அந்தத் தீ என்ன செய்யும்? அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் 1988-லேயே மீண்டு வரும் மாணவர்களுக்குத் தனி விடுதி ஒதுக்கியது. நம் கல்லூரிகளிடம் அவ்வளவு கேட்கவில்லை, இருக்கும் இடத்தைப் பறிக்காமல் இருந்தால் போதும்.

அதற்கு அடுத்த என் கவலை, கல்லூரியின் மனநல ஆலோசகர் எழுதும் குறிப்பேட்டைப் பற்றியது. நூறு மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களில் தகுதியான மனநல ஆலோசகர் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டியது. விசாகப்பட்டினத்தில் நிகழ்ந்த ஒரு மாணவி மரண வழக்கில் பிறந்த உத்தரவு அது. நல்லது. அந்த ஆலோசகர் எழுதுவது யார் மேசைக்குப் போகும்? அவர் சம்பளம் வாங்குவது கல்லூரியிடம். முதல்வர் கேட்டால் மறுக்க முடியுமா? 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோயில் சேர்த்து, சில விதிவிலக்குகள் தவிர ரகசியம் காக்கும் உரிமையையும் தந்திருக்கிறது. இது தெரிந்த மாணவர் எத்தனை பேர்? வீட்டில் தமிழும் வகுப்பில் தெலுங்குமாக வளரும் பிள்ளைக்கு, மனம்விட்டுப் பேச எந்த மொழி வாய்க்கும் என்ற கேள்வி வேறு. குறிப்பேடு ஒருமுறை கசிந்தால் போதும், அடுத்தவன் அந்த அறைப் பக்கமே போகமாட்டான்.

சேர்க்கை நாளில் ராகிங் செய்யமாட்டேன் என்று மாணவரிடம் உறுதிமொழி வாங்குகிறார்கள். அன்றைக்கே கல்லூரியும் ஒரு தாளில் கையெழுத்திட்டுத் தரலாம்: தானாக வந்து சொல்பவரை நீக்கமாட்டோம், ஆலோசகரின் குறிப்பு ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குப் போகாது, சிகிச்சை நாட்கள் மருத்துவ விடுப்பாகும், அட்டெண்டன்ஸ் குறைந்ததைக் காட்டித் தேர்வைத் தடுக்கமாட்டோம்.