மதிய உறக்கத்துக்கு மறுக்கும் மழலைகள்: பிடிவாதமா, வளர்ச்சியின் அறிகுறியா?

மதிய உணவை ஊட்டி, சன்னல் திரைகளை இழுத்துவிட்டு, மடியில் கிடத்தித் தட்டிக்கொடுத்தாலும் சில குழந்தைகள் உறங்க மறுக்கின்றன. அண்மைக்காலம் வரை 2 மணி நேரம் அயர்ந்து உறங்கிய குழந்தை, ஒன்றரை அல்லது இரண்டு வயதை எட்டியதும் படுக்கையைக் கண்டாலே அழத் தொடங்குகிறது. மாலை 5 மணிக்கெல்லாம் சோர்ந்து சிணுங்குகிறது. அல்லது அந்நேரத்தில் உறங்கிவிட்டு, நள்ளிரவு வரை விழித்திருக்கிறது. இதனால் தாயின் ஓய்வும் மறுநாள் பணியும் பாதிக்கப்படுகின்றன.

இந்த மறுப்பைப் பிடிவாதம் என்று மட்டும் கருதிவிட முடியாது. இதன் பின்னணியில் தெளிவான உடலியல் காரணங்கள் உள்ளன. அவற்றை அறிந்துகொண்டால் பெரும்பாலான வீடுகளில் சிக்கலைத் தீர்த்துக்கொள்ளலாம். அறியாமல் கைபேசியையோ மருந்துக் குப்பியையோ நாடினால் தீங்கே விளையும்.

எவ்வளவு உறக்கம் தேவை?

உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 1 முதல் 2 வயது வரையிலான குழந்தைகளுக்கு ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேர உறக்கம் தேவை. 3 முதல் 4 வயதினருக்கு இது 10 முதல் 13 மணி நேரம். பகல் உறக்கமும் இக்கணக்கில் அடங்கும். ஆகவே, பகல் உறக்கத்தைத் தனியே அளவிடாமல், 24 மணி நேரத்துக்கான மொத்த உறக்கத்தையே பெற்றோர் கணக்கிட வேண்டும்.

உறக்கம் வருவது எப்படி?

உறக்கத்தை இரு அமைப்புகள் கட்டுப்படுத்துகின்றன. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் மூளையில் உறக்கத்துக்கான அழுத்தம் சிறிது சிறிதாகச் சேர்கிறது. மற்றொன்று, ஒளியையும் இருளையும் பின்பற்றி இயங்கும் உடல் கடிகாரம். பச்சிளங்குழந்தைக்கு இந்த அழுத்தம் மிக விரைவாகச் சேர்வதால் அது நாளில் பலமுறை உறங்குகிறது. வளர வளர அழுத்தம் சேரும் வேகம் குறைகிறது. குழந்தையால் நீண்ட நேரம் விழித்திருக்க முடிகிறது.

இதன் விளைவாகவே, ஏறத்தாழ 12 முதல் 18 மாதங்களுக்குள், நாளுக்கு இரு முறை உறங்கிய குழந்தை ஒரு முறை மட்டும் உறங்கும் நிலைக்கு மாறுகிறது. இம்மாற்றத்துக்குச் சில வாரங்கள் ஆகலாம். ஒரு நாள் இரு உறக்கம், மறுநாள் ஒன்று என்ற குழப்பம் இக்காலத்தில் இயல்பே. காலை 11 மணிக்குச் சற்றே கண்ணயர்ந்தாலும், பிற்பகல் 2 மணிக்குப் போதிய உறக்க அழுத்தம் இருக்காது. அந்நேரத்தில் படுக்க வைத்தால் குழந்தை மறுப்பது வியப்பன்று.

நடக்கவும் பேசவும் கற்ற குழந்தைக்கு உலகம் புதிது. வீட்டில் பிறர் விழித்திருக்கையில் தான் மட்டும் படுப்பதை அது விரும்புவதில்லை. ‘வேண்டாம்’ என்று சொல்லித் தன் விருப்பத்தை நிலைநாட்டக் கற்கும் பருவமும் இதுவே. தாயைப் பிரியும் அச்சமும் இவ்வயதில் மிகுந்திருக்கும்.

பகல் உறக்கத்தின் பயன்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் ரெபெக்கா ஸ்பென்சர் தலைமையிலான குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வில், மழலையர் பள்ளிச் சிறாருக்குக் காலையில் படங்களின் இடங்களை நினைவில் வைக்கும் விளையாட்டு கற்பிக்கப்பட்டது. பகலில் உறங்கியபோது அவர்கள் அதனை நன்கு நினைவுகூர்ந்தனர். நாள்தோறும் பகலில் உறங்கும் வழக்கமுள்ள சிறாரிடமே இப்பயன் மிகுதியாகக் காணப்பட்டது. உறங்காத நாளில் ஏற்பட்ட இழப்பை இரவு உறக்கம் ஈடுசெய்யவில்லை. எனவே, பகல் உறக்கம் இன்னும் தேவைப்படும் குழந்தையிடம், இரவில் விரைவாக உறங்க வேண்டும் என்பதற்காக அதனைப் பறிப்பது பொருத்தமன்று.

இந்தியக் குடும்பங்களின் சூழல்

இந்தியா உள்ளிட்ட 17 நாடுகள் மற்றும் பகுதிகளில், 3 வயதுக்குட்பட்ட 29,287 குழந்தைகளிடம் மேற்கொள்ளப்பட்டு 2010-இல் வெளியான ஆய்வு, ஆசியக் குழந்தைகள் இரவில் தாமதமாகப் படுப்பதையும், மொத்தத்தில் குறைவாக உறங்குவதையும் சுட்டிக்காட்டியது. பெற்றோர் பணி முடிந்து வீடு திரும்பவே இரவு 8 மணி ஆகும் நகரங்களில் குழந்தை 11 மணிக்குப் படுப்பது வழக்கமாகிவிட்டது. அத்தகைய குழந்தை காலை 9 மணிக்கு எழுந்தால், பகல் 1 மணிக்கு அதற்கு உறக்கம் வராது.

நாடு முழுவதும் ஒரே நேரம் கடைப்பிடிக்கப்பட்டாலும், அருணாச்சலப் பிரதேசத்தின் கிழக்கு எல்லைக்கும் குஜராத்தின் மேற்கு எல்லைக்கும் இடையே சூரிய உதயத்தில் ஏறத்தாழ 2 மணி நேர வேறுபாடு உள்ளது. ஆகவே, அனைவருக்கும் பொருந்தும் ஒரே மதிய உறக்க நேரம் என எதுவும் இல்லை. கடிகாரத்தைக் காட்டிலும் குழந்தை கண் விழித்த நேரமே கணக்கிடத் தக்கது. ஒருமுறை மட்டும் உறங்கும் குழந்தை, எழுந்து ஏறத்தாழ 5 முதல் 6 மணி நேரத்துக்குப் பின் உறக்கத்துக்கு ஆயத்தமாகும்.

வீட்டில் செய்யக்கூடியவை

* விடுமுறை நாள் உட்பட அனைத்து நாள்களிலும் குழந்தையை ஏறக்குறைய ஒரே நேரத்தில் எழுப்புங்கள். மதிய உறக்கம் சீராவதற்கு இதுவே முதற்படி.

* காலையில் வெயில் ஏறுமுன் திறந்தவெளியில் ஓடியாட விடுங்கள். பகல் வெளிச்சமும் உடலுழைப்பும் உறக்கத்துக்குத் துணைபுரியும்.

* உணவு, கை கால் கழுவுதல், ஒரு கதை, மெல்லிய தாலாட்டு என நாள்தோறும் ஒரே வரிசையைப் பின்பற்றுங்கள். அறை இருளாகவும் காற்றோட்டமாகவும் இருக்கட்டும்.

* ‘தூங்குகிறாயா?’ என்று கேட்டால் ‘மாட்டேன்’ என்ற விடையே கிடைக்கும். மாறாக, ‘பொம்மை வேண்டுமா, போர்வை வேண்டுமா?’ என்று சிறு தேர்வுகளை அளியுங்கள்.

* அரை மணி நேரம் கடந்தும் உறங்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம். படுக்கையிலேயே படப்புத்தகம் அல்லது பொம்மையுடன் அமைதியாக இருக்கச் செய்யுங்கள். அன்று இரவு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாகவே உறங்க வையுங்கள்.

* மாலை 4 மணிக்குப் பிறகும் உறக்கம் நீண்டால் மென்மையாக எழுப்பிவிடுங்கள்.

குழந்தை காப்பகத்தில் இருந்தால், அங்கு எப்போது, எவ்வளவு நேரம் உறங்கியது என்பதைப் பணியாளரிடம் கேட்டறிவது அவசியம். பாட்டி, தாத்தா பராமரிப்பில் இருந்தால் வீட்டினர் அனைவரும் ஒரே நேர ஒழுங்கைப் பின்பற்ற வேண்டும்.

கட்டாயம் தவிர்க்க வேண்டியவை

உறங்க வைப்பதற்காகக் கைபேசியைக் காட்டுவது எதிர்விளைவையே தரும். 2 வயதுக்குட்பட்டோருக்குத் திரை அறவே கூடாது என்றும், 2 முதல் 5 வயதினருக்கு நாளொன்றுக்கு 1 மணி நேரத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்றும் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் பரிந்துரைக்கிறது. உறவினருடனான காணொலி அழைப்புக்கு மட்டும் விலக்கு உண்டு.

அதைவிட ஆபத்தானது, மயக்கம் தரும் என்பதற்காகச் சளி, இருமல் மருந்தைப் புகட்டுவது. குளோர்பெனிரமின் மெலியேட், பினைலெப்ரின் ஆகிய இரண்டும் கலந்த சளி மருந்தை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என மத்திய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2023 டிசம்பரில் அறிவுறுத்தியது. 2 வயதுக்குட்பட்டோருக்கு இருமல் மருந்து எதனையும் பரிந்துரைக்கக் கூடாது என்றும், பொதுவாக 5 வயதுக்குட்பட்டோருக்கு அவை ஏற்றவையல்ல என்றும் மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் 2025 அக்டோபரில் தெரிவித்தது. உறங்க மறுப்பது நோயன்று. அதற்கு மருந்தும் தேவையில்லை.

பால்புட்டியை வாயில் வைத்தபடியே உறங்கப் பழக்குவது பற்சிதைவுக்கு வழிவகுக்கும். படுக்கையைத் தண்டனையாக்கி மிரட்டுவதும் கூடாது.

பகல் உறக்கத்தை நிறுத்துவது எப்போது?

2 வயதுக்கு முன் பகல் உறக்கம் முற்றிலும் நின்றுபோவது அரிது. பெரும்பாலான குழந்தைகள் 3 முதல் 5 வயதுக்குள் அதனைக் கைவிடுகின்றன. பகலில் உறங்காத நாளிலும் மாலை வரை உற்சாகமாக இருப்பது, உறங்கினால் இரவில் வெகுநேரம் விழித்திருப்பது ஆகிய அறிகுறிகள் தொடர்ந்து சில வாரங்கள் தென்பட்டால், குழந்தைக்கு அது இனித் தேவையில்லை எனக் கொள்ளலாம். மாலையில் எரிச்சலும் அழுகையும், வாகனத்தில் அமர்ந்ததுமே உறங்கிவிடுவதும் தொடர்ந்தால் இன்னும் தேவைப்படுகிறது என்பதே பொருள்.

மருத்துவரை அணுக வேண்டிய நிலை

பெரும்பாலான இரவுகளில் குறட்டை, மூச்சுத் திணறல், வாயால் சுவாசித்தல், கால்களை ஓயாது உதறுதல் ஆகியவை இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரும்புச்சத்துக் குறைபாடும் அமைதியற்ற உறக்கத்துக்குக் காரணமாகலாம். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் 6 முதல் 59 மாத வயதுடைய குழந்தைகளில் 67.1 சதவீதத்தினர் ரத்தசோகை உடையவர்கள் என்பதால் இதனை அலட்சியப்படுத்த இயலாது. நன்கு உறங்கிவந்த குழந்தை திடீரென மறுத்து அழுதால் காதுவலி, காய்ச்சல், பல் முளைத்தல் ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும்.

இத்தகைய அறிகுறிகள் ஏதுமின்றி, மொத்த உறக்கம் வயதுக்கேற்ற அளவில் இருந்து, குழந்தை சுறுசுறுப்பாகவும் காணப்பட்டால், மதியம் உறங்காத ஒரு சில நாள்களுக்காகப் பெற்றோர் கவலைப்பட வேண்டியதில்லை.