டம்ப் ஓடி முடியும் வரை

சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு மேல் அப்ளிகேஷனை நிறுத்துவார்கள். வெப்சைட்டில் ‘பராமரிப்புப் பணி நடைபெறுகிறது’ என்ற பலகை ஏறும். டேட்டாபேஸைக் கவனிக்கும் டிபிஏ டம்ப் எடுக்க உட்காருவார். 2000-களின் நடுவில் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் சர்வரை ஒரு மேஜர் வெர்ஷனிலிருந்து அடுத்ததற்கு ஏற்றுவது பெரும்பாலான இடங்களில் இப்படித்தான் தொடங்கியது. உள்ளே இருக்கும் அத்தனை டேபிள்களையும் எழுத்தாக வெளியே கொட்டி, பக்கத்திலேயே புதிதாக நிறுவிய சர்வருக்குள் மறுபடி ஊற்ற வேண்டும். கொட்டிய ஃபைலை வைக்கவும் டிஸ்கில் இடம் இல்லையென்றால், 5432-ஆம் போர்ட்டில் ஓடும் பழையதிலிருந்து 5433-இல் காத்திருக்கும் புதியதற்கு நேராகக் குழாய் போட்டுவிடுவார்கள்.

டேட்டா ஏறுவது ஓரளவு வேகமாகவே நடக்கும். இன்டெக்ஸ் கட்டுவதுதான் இரவைத் தின்னும். திரையில் ஒரு வரி வந்து நின்றால் நின்றதுதான். வேலை நடக்கிறதா, தொங்கிவிட்டதா என்று டிஸ்க் விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னையிலிருந்து அமெரிக்க நிறுவனங்களின் சர்வர்களைக் கவனித்தவர்களுக்கு அவர்களுடைய சனிக்கிழமை நள்ளிரவு நம் ஞாயிறு காலை. கறிக்கடைக்குப் போக வேண்டிய நேரத்தில் இன்டெக்ஸ் எண்ணிக்கொண்டிருந்த குடும்பஸ்தர்கள் அநேகம். டம்பை ஏற்றும்போது பல வேலைகளை ஒரே சமயத்தில் ஓட்டலாம் என்ற வசதியே 2009-இல் வந்த 8.4-இல்தான் கிடைத்தது. எடுக்கும்போதும் அப்படிச் செய்ய 2013-இன் 9.3 வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது.

இவ்வளவு பாடு எதற்கு? போஸ்ட்கிரஸின் டேட்டா ஃபோல்டருக்குள் வெர்ஷன் எண்ணை மட்டும் சுமக்கும் சின்ன ஃபைல் ஒன்று உண்டு. அந்த எண் தன்னுடையதோடு ஒத்துப்போகாவிட்டால் சர்வர் கிளம்பவே மறுக்கும். ஒவ்வொரு மேஜர் வெர்ஷனிலும் சிஸ்டம் கேட்டலாக், அதாவது எந்த டேபிள் எங்கே இருக்கிறது, எந்த நெடுவரிசை என்ன வகை என்று சர்வர் தனக்காக எழுதிவைத்துக்கொள்ளும் குறிப்பு, உருமாறிவிடும். குறிப்பைப் படிக்க முடியாத சர்வருக்குப் பக்கத்தில் டேட்டா கிடந்தும் பயனில்லை.

டம்ப் முடிந்தாலும் வேலை முடியாது. 2008-இல் வந்த 8.3, எண்ணை எழுத்தாகத் தானே மாற்றிக்கொள்ளும் தாராளத்தை நிறுத்தியது. எழுத்தாக வைத்திருந்த போன் நம்பரை எண்ணோடு ஒப்பிட்டு எழுதிய கோடெல்லாம் திங்கள் காலை வரிசையாக விழுந்தது. மாற்றம் சரியானதுதான், அந்தத் தாராளம் பல தவறுகளை மறைத்துக்கொண்டிருந்தது. ஆனாலும் அதற்குப் பயந்தே 8.2-ஐ விட்டு நகராதவர்கள் இருந்தார்கள். டேட்டா பெருகப் பெருக, தள்ளிப்போடுவதே கொள்கையானது. 9.1-இலிருந்து 9.2-க்கு ஏறியபோது பல மணி நேரம் பிடித்தது, மறுபடி அதைச் செய்யக் கட்டுப்படியாகாது என்பதை, தான் போஸ்ட்கிரஸிலிருந்து மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸுக்கு மாறியதற்கான காரணங்களில் ஒன்றாக ஊபர் 2016-இல் வெளிப்படையாகவே எழுதியது.

முழு டம்ப் இல்லாமல் ஏறும் வழி அதற்கு முன்பே திறந்துவிட்டிருந்தது. போஸ்ட்கிரஸ் குழுவின் புரூஸ் மோம்ஜியனும் மற்றவர்களும் 8.4 காலத்தில் செய்த பிஜி மைக்ரேட்டர், 2010-இல் 9.0-உடன் பிஜி அப்கிரேட் என்ற பெயரில் சேர்ந்தது. அதன் யோசனை எளிது. கேட்டலாக்தான் மாறுகிறது, டேபிளின் பக்கங்கள் டிஸ்கில் இருக்கும் அமைப்பு 8.3-க்குப் பிறகு மாறவில்லை. பிறகு ஏன் ஒவ்வொரு வரியையும் தூக்கிச் சுமக்க வேண்டும்? வீட்டுச் சாமான் எதையும் அசைக்காமல் பத்திரத்தை மட்டும் புதிதாக எழுதிப் பதிவுசெய்வது போன்ற வேலை. டேபிள்களின் வரையறையை மட்டும் டம்ப் எடுத்துப் புதிய சர்வரில் ஏற்றும். டேட்டா ஃபைல்களைப் புதிய ஃபோல்டருக்கு நகலெடுக்கும். லிங்க் முறையைத் தேர்ந்தால் நகலும் இல்லை, அதே ஃபைலுக்கு இரண்டாவது பெயர் சூட்டுவதோடு சரி.

டெராபைட் கணக்கில் உள்ள சர்வர்கூட லிங்க் முறையில் நிமிடங்களில் ஏறுவது இதனால்தான். எவ்வளவு டேட்டா என்பது கணக்கிலிருந்து போய், எத்தனை டேபிள் என்பது வந்து உட்கார்ந்தது. வாடிக்கையாளருக்கு ஒரு ஸ்கீமா என்று பிரித்து லட்சக்கணக்கில் டேபிள் வைத்திருப்பவர்கள், சிறிய சர்வரிலும் நெடுநேரம் காத்திருப்பார்கள்.

வேகம் வந்த சந்தோஷத்தில், டம்ப் சும்மா கொடுத்துக்கொண்டிருந்த சில நன்மைகள் போனதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. போஸ்ட்கிரஸ் ஒரு வரியைத் திருத்தினால் பழைய வரி அங்கேயே செத்துக் கிடக்கும். இடத்தைப் பிறகு வேக்யூம் வந்து மறுபயனுக்கு ஒதுக்க வேண்டும். டம்ப் எடுத்து ஏற்றினால் அந்தச் சவங்கள் கூட வரா. வருடக்கணக்கில் வீங்கிய டேபிள் இளைத்து எழும். ஒவ்வொரு வரியும் ஒருமுறை படிக்கப்படும் என்பதால், கெட்டுப்போன பக்கம் இருந்தால் அன்றிரவே தெரிந்துவிடும். யூடிஎஃப்-8 சோதனையை 8.1 கடுமையாக்கியபோது, உருப்படாத எழுத்துகள் எத்தனை உள்ளே பதுங்கியிருந்தன என்பது டம்பை ஏற்ற முடியாமல் போனபோதுதான் பலருக்குத் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய சர்வர் தொடப்படாமல் அப்படியே நிற்கும். விடிவதற்குள் சரிவராவிட்டால் அதையே மறுபடி கிளப்பிவிட்டுத் தூங்கப் போகலாம்.

லிங்க் முறையில் இந்தக் கடைசி வசதி கிடையாது. இரண்டு சர்வரும் ஒரே ஃபைலைப் பகிர்வதால், புதியது ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் பழையதை நம்ப முடியாது. தெரியாமல்கூட யாரும் கிளப்பிவிடக் கூடாது என்று பழைய சர்வரின் கண்ட்ரோல் ஃபைலுக்குப் பின்னால் ‘ஓல்ட்’ என்று ஒட்டியே வைத்துவிடும் பிஜி அப்கிரேட். திரும்பும் வழி பேக்கப்தான். அதனால்தான் இன்று உழைப்பு முழுக்க முந்தைய வாரங்களுக்கு நகர்ந்துவிட்டது. நகல் சர்வரில் ஏற்றிப் பார்க்கிறார்கள், எக்ஸ்டென்ஷன்கள் புதிய வெர்ஷனில் கிடைக்கின்றனவா என்று தேடுகிறார்கள், பிஜி அப்கிரேடைச் சோதனைக்கான செக் முறையில் ஓட்டுகிறார்கள், ரிலீஸ் நோட்ஸை வரிவரியாகப் படிக்கிறார்கள். பராமரிப்புப் பலகை சில நிமிடமே தொங்குகிறது. அதற்குப் பின்னால் இருக்கும் வேலை முன்பைவிடக் கூடத்தான் செய்திருக்கிறது.

அச்சமும் இடம் மாறியது. டேட்டா வந்து சேருமா என்று முன்பு பயந்தார்கள். இப்போது டேட்டா பத்திரமாக இருக்கிறது, சர்வர்தான் ஊர்கிறது என்று திங்கள் காலை போன் வருகிறது. ஒரு கேள்விக்கு எந்த இன்டெக்ஸை எடுப்பது, எந்த டேபிளை முதலில் படிப்பது என்பதை பிளானர் புள்ளிவிவரங்களை வைத்துத்தான் தீர்மானிக்கிறது. அந்தப் புள்ளிவிவரங்களை பிஜி அப்கிரேட் பல வருடங்களாகக் கொண்டுவரவே இல்லை. ஏற்றி முடித்ததும் அவற்றைப் புதிதாகத் திரட்டும் அனலைஸை ஓட்ட மறந்தவர்களுக்கு, மில்லிசெகண்டில் முடிந்த கேள்வி நிமிடக்கணக்கில் ஓடியது. தோராயக் கணக்கை முதலில் எடுத்துப் பிறகு துல்லியப்படுத்தும் வசதியை 2014-இல் 9.4 கொடுத்தது, அது வலியைக் குறைத்ததே தவிர நீக்கவில்லை.

பலகையே மாட்டாமல் ஏறும் ஆசை பழையது. ஜேன் வீக் எழுதிய ஸ்லோனி 2004-லேயே டிரிகர்களை வைத்து வெவ்வேறு வெர்ஷன்களுக்கிடையே மாற்றங்களைக் கடத்தியது. அமைப்பதற்குப் பொறுமையும் தைரியமும் வேண்டும். 2017-இன் 10-இல் லாஜிக்கல் ரெப்ளிகேஷன் உள்ளேயே வந்தபின் அது சாதாரண மனிதர்களுக்கும் எட்டியது. பழைய சர்வர் ஓடிக்கொண்டே புதியதற்கு மாற்றங்களை அனுப்பும், இரண்டும் சமமானதும் போக்குவரத்தைத் திருப்பிவிடலாம். ஆனால் புதிய வரிகளுக்கு அடுத்த எண்ணைத் தரும் சீக்வென்ஸ்களின் நிலை அதோடு போகவில்லை. அவற்றைக் கையால் முன்னே தள்ளாமல் திருப்பியவர்களுக்கு, முதல் புதிய வரியே ‘இந்த எண் ஏற்கெனவே இருக்கிறது’ என்று முட்டும்.

வெர்ஷனே மாறாமலும் முட்டலாம். 2018-இல் வந்த, லினக்ஸின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சி 2.28 எழுத்துகளின் வரிசை முறையை மாற்றியது. ஆபரேட்டிங் சிஸ்டத்தை மட்டும் புதுப்பித்தவர்களின் டெக்ஸ்ட் இன்டெக்ஸ்கள் ஓசையில்லாமல் தவறாகிப்போயின. இருக்கும் வரியை இல்லை என்று சொல்லும் இன்டெக்ஸைவிட, கிளம்ப மறுக்கும் சர்வர் எவ்வளவோ நல்லது என்பது என் கட்சி.

கிளவுடில் இதெல்லாம் ஒரு பட்டன். பட்டனுக்குப் பின்னால் ஓடுவது அநேகமாக அதே பிஜி அப்கிரேட்தான். ஒவ்வொரு மேஜர் வெர்ஷனுக்கும் போஸ்ட்கிரஸ் குழு தரும் ஆதரவு ஐந்து வருடம். அது முடிந்தும் நகராதவர்களிடம் அமேசான் 2024 முதல் தனிக் கட்டணம் வசூலிக்கிறது. முன்பு தள்ளிப்போடுவதற்குச் செலவில்லை, இப்போது மாதாமாதம் பில்.

2025 செப்டம்பரில் வந்த 18, புள்ளிவிவரப் பிரச்சினையை ஒருவழியாகத் தீர்த்தது. எக்ஸ்டெண்டட் வகையைத் தவிர மற்றவை இனி கூடவே வருகின்றன. அதே 18, புதிதாக உருவாகும் சர்வர்களில், பக்கம் கெட்டிருந்தால் காட்டிக்கொடுக்கும் டேட்டா செக்சம்மைத் தானாகவே இயக்கிவிடுகிறது. நல்ல மாற்றம்தான், ஆனால் பிஜி அப்கிரேடுக்கு இரண்டு பக்கமும் இந்த அமைப்பு ஒன்றாக இருக்க வேண்டும். செக்சம் இல்லாத பழைய சர்வரிலிருந்து வருபவர், புதியதையும் அது இல்லாமலே உருவாக்கிக்கொள்ளலாம். செக்சம் வேண்டும் என்றால் பழைய சர்வரை நிறுத்தி, அதற்கென்று இருக்கும் கருவியை ஓட்ட வேண்டும். அந்தக் கருவி ஒவ்வொரு ஃபைலையும் முழுக்கப் படித்துத் திரும்ப எழுதும். பெரிய சர்வர் என்றால் அதற்கு மணிக்கணக்கில் ஆகும், பலகையும் அதுவரை தொங்கும்.