கல்வராயன் மலையும் அலைக்கற்றைப் பகிர்வும்

இந்தியாவில் தரைவழித் தொலைக்காட்சிக்குரிய 470–590 மெகாஹெர்ட்ஸ் பட்டையில், 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுடைய 15 அலைவரிசைகள் அமைகின்றன. வடக்கு நீங்கலான நான்கு மண்டலங்களில் அவற்றுள் குறைந்தது 12, ஏறத்தாழ எங்கும் வெறுமையாக இருந்ததை மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2014இல் மதிப்பிட்டனர். அவ்வெற்றிடத்தை உணர்ந்து பயன்படுத்துவதும், உரிமம் பெற்ற முதன்மைப் பயனர் வந்ததும் விலகுவதும் அறிதிறன் வானொலியின் நெறியாகும்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் வெள்ளிமலையைச் சூழ்ந்த கல்வராயன் மலைச் சிற்றூர்களுக்கு இப்பட்டை ஏற்றது. இதன் அலைகள், உயர் அதிர்வெண் அலைகளைவிட நெடுந்தொலைவு செல்வன; மரச்செறிவையும் ஓரளவு ஊடுருவுவன.

எனினும் மலை ஓர் இடரையும் தருகிறது. சரிவின் மறைவிலுள்ள கருவிக்கு, முகட்டுக்கு அப்பாலுள்ள ஒளிபரப்பியின் குறிகை எட்டாது. பட்டை வெறுமையாக உள்ளதெனப் பிழையாகக் கருதி அக்கருவி அலைபரப்பினால், எதிர்ச்சரிவில் அவ்வொளிபரப்பைப் பெறும் வீட்டின் அலைவாங்கிக்கு இடையூறு நேரும்.

ஆகவே தனியொரு கருவியின் உணர்தல் இங்குப் போதாது. முகட்டிலும் பள்ளத்தாக்கிலும் உள்ள கருவிகள் அளவீடுகளைப் பகிர்ந்து கூட்டாக முடிவெடுத்தலும், ஒளிபரப்பிகளின் இருப்பிடத் தரவுத்தளத்துடன் அம்முடிவை ஒப்பிடுதலும் இன்றியமையாதன. மலையின் மறைப்பைக் கணக்கிட்ட பின்னரே வெற்று அலைவரிசை பகிரத்தக்க வளமாகும்.