பக்கத்தில் இருக்கும் நம்மவர் யார்?

மும்பையில் தமிழர்கள் குடியேறிய கதையை ரயில் நிலையங்களின் பெயர்களைக் கொண்டே சொல்லிவிடலாம். மாதுங்கா, சயான், செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று, வாடகைக்கும் வசதிக்கும் ஏற்ப ஒவ்வொரு தலைமுறையும் ஸ்டேஷன் ஸ்டேஷனாகத் தள்ளிக் குடிபோயிற்று. ஒரு காலத்தில் மாதுங்கா மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போனால் போதும்; யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் பையோடு சேர்ந்து வீட்டுக்கு வந்துவிடும். இன்று பெற்றோர் முலுண்டில், மகன் டோம்பிவிலியில், மகள் வாஷியில். செய்தி மட்டும் எல்லோருக்கும் ஒரே நொடியில் கைபேசியில் போய்ச் சேருகிறது.

இப்போது அநேகமாக எல்லாச் சங்கங்களுக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் சில நூறு பெயர்கள். ஆனால், "என் வீட்டுக்கு நடந்து வரும் தூரத்தில் இருப்பவர் யார்? அவர்களில் அவசரத்துக்கு எழுந்து வரக்கூடியவர் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பட்டியலில் விடை கிடைக்காது. எண்ணைப் பார்த்தால் பேட்டை தெரியாது. பலர் பெங்களூருக்கோ, பிள்ளைகளிடம் வெளிநாட்டுக்கோ போய்விட்டார்கள். எண் மட்டும் இங்கேயே இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, முலுண்டில் மகனுடைய ஃப்ளாட்டில் தனியாக இருந்தார். வயது எழுபதைத் தாண்டியது. மகன் வெளிநாட்டில். ஒருநாள் விடியற்காலை குளியலறையில் வழுக்கி விழுந்தவர், தவழ்ந்து வந்து மகனுக்கு ஃபோன் செய்தார். அவன் குழுவில் செய்தி போட்டான். கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்தன. வாஷியிலிருந்து ஓர் அன்பர் உடனே டாக்ஸி பிடித்துக் கிளம்பினார். வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அடுத்த தெருவிலேயே நம் அங்கத்தினர் குடும்பம் ஒன்று இருந்தது. கணவர் காலை ஷிப்டுக்குப் போய்விட்டார். வீட்டிலிருந்த மனைவியின் எண் குழுவிலேயே இல்லை. அம்மாளுக்கு அவர்களைத் தெரியாது, அவர்களுக்கும் அம்மாளைத் தெரியாது. இடுப்பெலும்பு முறிவோடு அம்மாள் பிழைத்தது தெய்வாதீனம்.

108-க்குச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். ஆம்புலன்ஸ் வந்தாலும் கதவைத் திறக்க, கூடப் போக, ஆஸ்பத்திரியில் மராத்தியிலோ இந்தியிலோ விவரம் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் நாம் முன்கூட்டியே கண்டுபிடித்து வைக்க வேண்டும்.

எது பக்கம்?

பட்டியலை அகர வரிசையில் வைப்பதை விட்டுவிட்டு, முதலில் பின்கோடு வாரியாகப் பிரிக்க வேண்டும். 1972 ஆகஸ்ட் 15 முதல் வழக்கில் இருக்கும் இந்த ஆறு இலக்கங்களில் முதல் மூன்று தபால் பிரிப்பு மாவட்டத்தையும், கடைசி மூன்று அந்தப் பகுதித் தபாலாபீசையும் காட்டும். மாதுங்கா 400019, செம்பூர் 400071, டோம்பிவிலி கிழக்கு 421201 என்று அடுக்கினாலே பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதியைப் பின்கோடு சொல்லாது. முலுண்ட் மேற்கு 400080, கிழக்கு 400081. எண்ணில் ஒன்றுதான் வித்தியாசம். நடுவில் தண்டவாளமும் மேம்பாலமும் இருக்கின்றன. ஆகவே எந்த ஸ்டேஷன், கிழக்கா மேற்கா, வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிட நடை என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

நடையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. லோக்கல் ரயில்கள் நின்றன. ஆயிரக்கணக்கானோர் முழங்கால் தண்ணீரில் மணிக்கணக்காக நடந்து வீடு சேர்ந்தார்கள். அன்று நான்கு ஸ்டேஷன் தள்ளியிருந்த சொந்த அண்ணனைவிட எதிர் வீட்டுக்காரர்தான் உறவு. ரயில் ஓடாத நாளில் கால்நடையாக வந்து சேரக்கூடியவரே பக்கத்தில் இருப்பவர் என்று வைத்துக்கொள்வோம்.

யார் துடிப்பானவர்?

குழுவில் தினம் பத்துச் செய்தி போடுகிறவர் துடிப்பானவர் என்று நினைத்துவிடக் கூடாது. வாயே திறக்காத ஒருவர் இரவு இரண்டு மணிக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார். இதைக் கண்டுபிடிக்கச் சிறு வேலை கொடுத்துப் பார்ப்பதே வழி. ஒரு பேட்டைக்குரிய இதழ்களைத் தபாலில் அனுப்பாமல், "பத்து வீட்டுக்குக் கையால் கொடுக்க முடியுமா?" என்று கேளுங்கள். இரண்டு மூன்று மாதம் யார் கொடுக்கிறாரோ அவர் நம் ஆள். கொடுத்து வரும்போதே யார் வீடு மாறிவிட்டார், யார் வீட்டில் முதியவர் தனியாக இருக்கிறார் என்பதும் தெரிந்துவிடும்.

குடும்பத் தலைவர் பெயரை மட்டும் எழுதுவதும் போதாது. பகலில் வீட்டிலிருக்கும் பெண்மணி, கல்லூரிக்குப் போகும் பையன், ஓய்வு பெற்ற தாத்தா எல்லோர் பெயரும் வேண்டும். எந்த நேரத்தில் வர முடியும், என்ன உதவி செய்ய முடியும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இரத்த தானம் செய்பவரானால் வகையோடு கடைசியாகக் கொடுத்த தேதியும் தேவை. ஆண்கள் 90 நாட்களுக்கு ஒரு முறையும், பெண்கள் 120 நாட்களுக்கு ஒரு முறையும்தான் கொடுக்கலாம். வயது 18-லிருந்து 65-க்குள், எடை குறைந்தது 45 கிலோ இருக்க வேண்டும். தேதி தெரியாத பட்டியலை வைத்துக்கொண்டு நடுராத்திரியில் இருபது பேரை எழுப்புவதில் பயனில்லை.

மழைக்கால ரோந்து

பட்டியல் தயாரிப்பது எளிது. அதை உயிரோடு வைத்திருப்பதுதான் கஷ்டம். ரயில் பாதைப் பராமரிப்பில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒரு வழி சொல்கிறேன்.

மழைக்காலத்தில் இரவு முழுவதும் பாதையை நடந்து பார்க்க ரோந்துக்காரர்கள் உண்டு. ஒவ்வொருவருக்கும் இன்ன இடம் முதல் இன்ன இடம் வரை என்று ஒரு பீட். கையில் விளக்கு, ஆபத்தென்றால் வெடிக்க டெட்டனேட்டர், கூடவே ஒரு ரோந்துப் புத்தகம். பீட்டின் எல்லையில் அடுத்த பீட்டுக்காரரைச் சந்தித்து இருவரும் புத்தகத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அடுத்தவர் வரவில்லையென்றால் அப்படியே திரும்பிவிடக் கூடாது; அவரைக் காணும்வரை அவருடைய பீட்டிலும் நடந்து போக வேண்டும். வராததற்குக் காரணம் தூக்கமாக இருக்கலாம், மண் சரிந்து பாதையே போயுமிருக்கலாம். போய்ப் பார்த்தால்தானே தெரியும்?

இதையே நாமும் செய்யலாம். ஒரு பேட்டைக்குப் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள். மாதம் முதல் ஞாயிறன்று ஒவ்வொருவரும் அடுத்த குடும்பத்தோடு ஃபோனில் இரண்டு நிமிடம் பேச வேண்டும். பதில் இல்லையென்றால் மறுநாளுக்குள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் நடை தூரத்துக்குள் பிரித்தோம்.

ஓர் எச்சரிக்கை. தனியாக வசிக்கும் முதியவர், பெண்கள் ஆகியோரின் விலாசத்தைப் பொதுக் குழுவில் போடவே கூடாது. சம்பந்தப்பட்டவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி, அந்தப் பேட்டைப் பொறுப்பாளர் கையில் மட்டும் வைத்திருப்பது நல்லது. எடுத்துவிடச் சொன்னால் அன்றே எடுத்துவிட வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒரு துண்டுக் காகிதத்தில் உங்கள் பின்கோடு, ஸ்டேஷன், கிழக்கா மேற்கா, வீட்டிலிருப்பவர் பெயர்கள், செய்யக்கூடிய உதவி ஆகிய ஐந்தையும் எழுதி எடுத்து வாருங்கள். அதற்கு முன், இந்த ஞாயிற்றுக்கிழமை மாலை உங்கள் தெருவில் ஒரு நடை போய், இதுவரை பேசாத ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதவைத் தட்டுங்கள். காப்பி நிச்சயம்!