கர்ப்பிணிகளின் ஆகாரமும் பத்திய வழக்கங்களும்

சினைப்பசுவிற்குக் கன்று ஈனும் காலத்திற்கு இரண்டு மாதங்கள் முன்னதாகவே கறவையை நிறுத்தி, வழக்கமான தீனிக்கு மேல் தவிடும் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் கூட்டி வைப்பது குடியானவர்கள் நன்கறிந்த முறையாகும். தீனியைக் குறைத்தால் கன்று நோஞ்சானாய்ப் பிறக்கும் என்பதும், பால் வற்றும் என்பதும் அவர்களுக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆயினும் அதே வீட்டில் கர்ப்பமுற்ற ஸ்திரீக்கு ஆகாரத்தைக் குறைத்தும், பிள்ளை பெற்றவளுக்குப் பதார்த்தங்கள் பலவற்றை விலக்கியும் வருவது பல ஊர்களில் வழக்கமாயிருக்கிறது. இவ்வழக்கங்கள் யாவும் தீயன அல்ல. எவை நன்மை தருவன, எவை தீங்கற்றன, எவை கெடுதல் விளைப்பன என்று பகுத்தறிதலே அவசியம்.

கர்ப்ப காலத்து அளவு

கர்ப்பிணி வயிறார உண்டால் குழந்தைக்கு இடம் குறையும் என்றும், குழந்தை பெருத்துப் பிரசவம் வருத்தமாகும் என்றும் சிலர் எண்ணுகின்றனர். இரைப்பையும் கருப்பையும் வெவ்வேறு உறுப்புகளாதலால், ஒன்றில் சேரும் சோறு மற்றொன்றின் இடத்தை அடைப்பதில்லை. போதிய ஆகாரமின்மையால் எடை குறைந்து, அதாவது இரண்டரைக் கிலோவிற்குக் கீழாகப் பிறக்கும் குழந்தைக்கே நோயும் மரணமும் எளிதில் நேரும். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வகுத்த அளவின்படி, கர்ப்பிணிக்கு நாள்தோறும் 350 கலோரி அதிகம் வேண்டும். இது ஏறக்குறைய 100 கிராம் அரிசியில் அடங்கிய சக்தியாகும். ஒரே வேளையில் உண்ண இயலாதவர்கள் சிறிது சிறிதாகப் பல வேளைகளில் உண்ணலாம்.

உஷ்ணப் பதார்த்தங்கள்

பப்பாளி, அன்னாசி, எள் முதலியவை உஷ்ணமானவை, கருவைக் கலைப்பவை என்று விலக்கப்படுகின்றன. இவற்றுள் பப்பாளிக் காயைப் பற்றிய அச்சத்திற்குச் சிறிது ஆதாரம் உண்டு. காயிலுள்ள பால் எலியின் கருப்பையைச் சுருங்கச் செய்ததென்றும், பழச்சாறு அவ்வாறு செய்யவில்லை என்றும் 2002-இல் வெளியான பரீட்சையொன்று காட்டிற்று. காயைக் கீறிப் பாலெடுக்கும் விவசாயிகள், காய் பழுக்கப் பழுக்கப் பால் வற்றுவதைக் கண்டிருப்பர். ஆகவே காயை விலக்குதல் தகும். நன்கு பழுத்த பழத்திற்கு அக்குற்றம் இல்லை. அன்னாசியையும் எள்ளையும் சாதாரண அளவில் உண்பதால் கருவிற்குத் தீங்கு நேருமென்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை.

எனினும் மனம் ஒப்பாதவர்களை வற்புறுத்த வேண்டியதில்லை. ஒன்றை விலக்கினால் அதற்கு ஈடாக மற்றொன்றை இடுதல் வேண்டும் என்பதே விதி. பப்பாளிப் பழத்திற்குப் பதிலாக முருங்கைக்கீரையும் மாம்பழமும் கொடுக்கலாம். எள்ளை நீக்கினால் கேழ்வரகு கொடுக்கலாம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே அளவு அரிசியில் சுமார் 10 மில்லிகிராமே உண்டு.

இரத்தக் குறைவு

2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் கர்ப்பிணிகள் நூற்றுவரில் 52 பேர் இரத்தச்சோகை உடையவர்கள். பிரசவத்தில் நேரும் இரத்தப்போக்கைத் திடகாத்திரமுள்ளவள் தாங்குவாள். சோகையுற்றவளோ அதனாலேயே உயிரிழக்கக்கூடும். இவ்வாறிருக்க, இரும்புச்சத்து மாத்திரை உண்டால் குழந்தை கறுத்துப் பிறக்கும் என்று அஞ்சி அதை எறிந்துவிடுவோர் உளர். மாத்திரையால் மலம் கறுக்குமேயன்றிக் குழந்தையின் நிறம் மாறாது.

1928-இல் இந்தியாவிற்கு வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார், பம்பாய் நூலாலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளின் ஒருவகைச் சோகை ஈஸ்ட் சாரத்தால் நீங்குவதைக் கண்டு, 1931-இல் வெளியிட்டார். அதிலடங்கிய ஃபோலிக் அமிலம் 1941-இல் பசளைக்கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லே அதன் பெயராயிற்று. கீரையை மந்தமென்று ஒதுக்கும் வீட்டார் இதனைக் கருதுதல் நலம்.

பிரசவத்தின் பின்

சுக்கு, திப்பிலி, ஓமம், கருப்பட்டி, நல்லெண்ணெய் சேர்த்துக் கிண்டும் பிரசவ லேகியம், பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு முதலியவற்றை அளவோடு கொடுப்பதில் ஆட்சேபம் இல்லை. பால்சுறா புரதமும் அளிக்கும். குழந்தைக்கு மாந்தமும் சளியும் வருமென்று பருப்பு, கீரை, பழம் ஆகிய யாவற்றையும் நிறுத்தி, வெறுஞ்சோறும் மிளகு ரசமும் மட்டும் கொடுப்பதே தவறு. பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் நாள்தோறும் 600 கலோரி அதிகம் வேண்டும். தாகத்திற்கு ஜலம் மறுப்பது அதனினும் கொடிது. தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு ஜலமே. கறவைப் பசுவிற்குத் தண்ணீர் காட்டாத குடியானவர் எவருமிலர்.

கன்று விழுந்ததும் சீம்பாலை ஊட்டுபவர், தம் குழந்தைக்குரிய சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவதும் பொருந்தாது. நோயைத் தடுக்கும் பொருள்கள் அதில் நிறைந்துள்ளன. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்க வேண்டும். ஆறு மாதம் வரை அதுவே போதுமானது. சேனை வைத்தல் என்று தேனும் சர்க்கரைத் தண்ணீரும் கொடுப்பதை விட்டுவிடுதல் வேண்டும்.

செய்யத்தக்கவை

நிலமுள்ளவர்கள் கிணற்றடியிலும் கொல்லையிலும் வீணே ஓடும் நீரைக் கொண்டு முருங்கை, அகத்தி, கீரைவகை, எலுமிச்சை ஆகியவற்றை வளர்க்கலாம். உழவு வேலைக்கு வருவோர் வீடுகளுக்கும் அவற்றில் ஒரு பங்கு போகலாம். கிராம அதிகாரிகள், ஊரிலுள்ள கர்ப்பிணிகள் ஒவ்வொருவரும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் பதிவு பெற்றுள்ளனரா என்று விசாரித்தறிதல் வேண்டும். நீரிழிவு முதலிய நோய்களுக்காக மருத்துவர் விதிக்கும் பத்தியம் வேறு, அதைக் கைவிடலாகாது.

பத்தியம் விதிக்கும் மூத்த ஸ்திரீகள் அன்பினாலேயே விதிக்கின்றனர். அவர்களை இகழ்வதால் பயனில்லை. சினைப்பசுவை உதாரணமாகக் காட்டினால் அவர்கள் உடனே உணர்வர். எல்லோரும் உண்டபின் மிஞ்சியதைக் கர்ப்பிணி உண்ணும் வழக்கத்தை மாற்றி, அவளுக்கு முதலில் இலை போடச் சொல்லுதல் குடும்பத் தலைவரின் கடமையாகும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.