பெருநாள் உடுப்பும் கொழும்புப் பயணமும்



நோன்பு இருபது கழிந்த ஓர் இரவில் கல்முனை பஸ் நிலையத்தில் நின்று பாருங்கள். கொழும்பு பஸ்ஸில் இடம் பிடிப்பது பெரும்பாடாக இருக்கும். வாப்பா முன்னே, கைக்குழந்தையோடு உம்மா பின்னே, இடையிலே மூன்று நான்கு பிள்ளைகள். வாப்பாவின் கையில் மடித்து வைத்த ஒரு வெறும் பை. எதற்காகப் போகிறார்கள் என்பதை அந்த வெறும் பையே சொல்லிவிடும். நம் முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதத்தில்தான் விடுமுறை, பிள்ளைகளை அழைத்துப் போக வேறு காலம் எங்கே இருக்கிறது என்று பெற்றோர் கேட்பார்கள். அந்த நியாயத்தை நான் மறுக்கமாட்டேன். நானும் பாடசாலையில் படிப்பிப்பவன்தான். சில வருடங்களுக்கு முன் என் குடும்பத்தையும் அப்படித்தான் அழைத்துப் போனேன்.

எங்கள் நற்பிட்டிமுனையிலிருந்து கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். புகையிரதப் பாதை மட்டக்களப்போடு முடிந்துவிடுவதால் நமக்கு பஸ்தான் கதி. வழியில் ஒரு கடையில் சஹர் செய்து, விடிவதற்குள் புறக்கோட்டையில் இறங்கினோம். கடைகள் திறக்க இன்னும் நேரம் இருந்தது. தூக்கம் கலையாத பிள்ளைகளோடு பஸ் நிலையத்தில் காத்திருந்தோம். பிறகு தொடங்கியது நடை. பிரதான வீதி, கெய்சர் வீதி, இரண்டாம் குறுக்குத் தெரு என்று ஒரு கடையில் நிறம் பிடிக்கவில்லை, அடுத்ததில் விலை பிடிக்கவில்லை. லுஹருக்கு நான் பள்ளிக்குள் போய் வந்தேன். மனைவியும் மகள்மாரும் தொழ இடம் தேடி அலைந்தார்கள். முன்கூட்டியே விசாரித்து வைத்திருக்க வேண்டியவன் நான். நோன்பு துறந்தது ஒரு புடவைக் கடையின் படிக்கட்டில், பேரீச்சம்பழமும் போத்தல் தண்ணீரும் கொண்டு. இரவு பஸ்ஸில் ஏறியபோது எங்களிடம் ஐந்து பைகள் இருந்தன. அன்றிரவு ஒற்றைப்படை இரவுகளில் ஒன்று என்பது, பஸ் பாதி வழி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

கடைசிப் பத்து வந்துவிட்டால் நபி (ஸல்) அவர்கள் வணக்கத்துக்காக இடுப்பை வரிந்து கட்டிக்கொண்டு, இரவுகளை உயிர்ப்பித்து, தம் குடும்பத்தாரையும் எழுப்பிவிடுவார்கள் என்பதை நாம் ஒவ்வொரு வருடமும் பயானில் கேட்கிறோம். நாமும் அந்தப் பத்திலே குடும்பத்தாரை எழுப்பத்தான் செய்கிறோம், பஸ் போய்விடும் என்று!

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் மூத்த மகளின் உடுப்பு தோளில் இறுக்கம். கொழும்புக்குத் திருப்பி அனுப்ப முடியுமா? கல்முனையில் தையல்காரரிடம் கொடுக்கப் போனபோது, அதே துணி பக்கத்துக் கடையில் தொங்கிக்கொண்டிருந்தது. விலையில் சிறிய வித்தியாசம்தான். இதில் வியப்பதற்கும் ஒன்றுமில்லை. நம் கடைக்காரர்களும் புறக்கோட்டையிலே மொத்தமாக வாங்கித்தான் இங்கே கொண்டு வருகிறார்கள். ஆறு பேரின் பஸ் கட்டணத்தையும் சாப்பாட்டுச் செலவையும் கூட்டிப் பார்த்தேன். மிச்சம் பிடிக்கப் போன நான் கைக்காசை இழந்து வந்திருந்தேன்.

ஆனால் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தக் கணக்கு அல்ல. மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண் வேலியோரம் நின்று, "என்ன ராத்தா, கொழும்புல என்னெல்லாம் பார்த்தீங்க?" என்று கேட்டாள். என் மனைவி சொன்னாள்: "கடையைப் பார்த்தன், பையைப் பார்த்தன், புள்ளையள் துலைஞ்சிருவாங்களோ எண்டு புள்ளையளைப் பார்த்தன். கடலைக்கூடக் காணல்ல."

உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த நான் விரல்விட்டு எண்ணினேன். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் கொழும்புப் பக்கம் போனது நான்கு தரம். இரண்டு தரம் மாமியின் வருத்தத்துக்காக ஆஸ்பத்திரிக்கு. ஒரு தரம் வெளிநாடு போகும் தம்பியை வழியனுப்பக் கட்டுநாயக்காவுக்கு. ஒரு தரம் இந்தப் பெருநாள் உடுப்புக்கு. சகோதரிகளே, உங்களில் எத்தனை பேருடைய கணக்கு இதைவிட வேறாக இருக்கும்?

பெருநாளைக்கு நல்ல உடுப்பு உடுத்துவது வீண் என்று நான் சொல்லவரவில்லை. உமர் (ரழி) அவர்கள் கடைத்தெருவில் ஒரு பட்டு மேலங்கியைக் கண்டு, பெருநாளுக்கு அணிந்துகொள்ளலாமே என்று நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவந்தார்கள். பட்டு ஆண்களுக்கு ஆகாது என்பதால் நபியவர்கள் அதை ஏற்கவில்லை. பெருநாளுக்கு அலங்கரித்துக்கொள்ளும் வழக்கத்தை மறுக்கவில்லை என்று அறிஞர்கள் அதிலிருந்து விளங்கிக்கொள்கிறார்கள். பெண்களை எல்லாம் பெருநாள் திடலுக்கு அழைத்துவரும்படி ஏவியபோது, மேலங்கி இல்லாதவள் என்ன செய்வாள் என்று கேட்கப்பட்டது. அவளுடைய தோழி தன்னுடையதை அவளுக்குக் கொடுக்கட்டும் என்பதே நபியவர்களின் விடை. உம்மு அதிய்யா (ரழி) அறிவிக்கும் இந்தச் செய்தியை வாசிக்கும்போதெல்லாம் நம் ஊர் நகைக் கடைகளின் அடகுப் பகுதி என் நினைவுக்கு வரும். நோன்பின் நடுப்பகுதியில் காதிலும் கழுத்திலும் கிடந்தது அங்கே போகிறது. ஹஜ்ஜுப் பெருநாள் வந்தும் அது மீண்டு வருவதில்லை. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் பாய்ந்தபோது இறக்குமதித் துணியின் விலையும் பாய்ந்தது. நம் சம்பளம் அதன் பின்னால் நொண்டிக்கொண்டுதான் வருகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கொழும்புக்குப் போகிற வழியை விட்டுவிட்டு, பக்கத்து ஊரான மருதமுனையை எட்டிப் பாருங்கள். கைத்தறிச் சாரிக்கும் சாரனுக்கும் நாடு முழுவதும் பேர்போன ஊர் அது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி அந்தக் கரையோரத்தை அடித்தபோது வீடுகளோடு தறிகளும் போயின. மிஞ்சியவர்கள் நூல் விலையோடும் சாய விலையோடும் மல்லுக்கட்டிக்கொண்டு இன்னும் நெய்கிறார்கள். நூல் சுற்றுவதிலிருந்து நெய்வது வரை அங்கே பெண்களின் கைதான். அந்தத் தறிச் சத்தத்தைத் தாண்டிப் போய், எங்கிருந்தோ கப்பலில் வந்த சாரியைத் தூக்கிக்கொண்டு திரும்புகிறோம்.

ஆகவே உடுப்பை ஷஃபானிலேயே, ஊரிலேயே வாங்கிவிடுங்கள். கொழும்பில்தான் வாங்க வேண்டும் என்றால் அதுவும் நோன்புக்கு முன் நடக்கட்டும். இரவிலே பயணம் புறப்பட்டவருக்கு நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்யும் சலுகை உண்டு என்பது மார்க்கச் சட்டம். அந்தச் சலுகையை ஒரு சாரிக்காகச் செலவு செய்வதா என்பதை உங்கள் மனதிடம் கேட்டுப் பாருங்கள்.

உலாவை வாங்கலிலிருந்து பிரித்து எடுங்கள் என்று ஆண்களிடம் நான் கேட்டுக்கொள்கிறேன். பெண்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும். ஒரு பெருநாளன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டுக் காட்டியபோது, ஆயிஷா (ரழி) அவர்கள் நபியவர்களின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். தாமாகவே அலுத்துப்போகும் வரை பார்த்தார்கள். நபியவர்களும் அதுவரை நின்றுகொண்டிருந்தார்கள். புடவைக் கடையில் மனைவி இரண்டாவது சாரியைத் தொட்டதும் மணிக்கூட்டைப் பார்க்கும் நாம் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

அடுத்த தவணை விடுமுறையில் கடனில்லாமல் சேர்த்த காசோடு மீண்டும் கொழும்புக்குப் போனோம். கடைப் பக்கம் போவதில்லை என்று பேசிக்கொண்டோம். அளுத்கடையிலோ மருதானையிலோ உறவினர் வீடு இருந்தால் ஓர் இரவு தங்கிச் செல்லுங்கள். பிள்ளைகளுக்குப் பயணக் களைப்புப் போக வேண்டும். பிரயாணிக்கு லுஹரையும் அஸரையும் சுருக்கிச் சேர்த்துத் தொழும் வசதி இருப்பதால் ஓடித் திரியத் தேவையில்லை.

முதலில் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனோம். ஆளுநர் வில்லியம் கிரகரியின் முயற்சியால் எழுந்து 1877 ஜனவரி 1ஆம் திகதி திறக்கப்பட்ட கட்டிடம். அந்த வெள்ளை மாளிகையைக் கட்டி முடித்த ஒப்பந்தக்காரர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார், நம்மவர். திறப்பு விழாவில் உமக்கு என்ன வேண்டும் என்று ஆளுநர் கேட்க, தமக்கென்று எதுவும் கேளாமல், வெள்ளிக்கிழமைகளில் இதை மூடிவிடுங்கள் என்று அவர் கேட்டார் என்பார்கள். நெடுங்காலம் அது வெள்ளிக்கிழமைகளில் மூடித்தான் இருந்தது. கண்டி அரசனின் சிம்மாசனத்தைக் காட்சிக்கு வைத்தபோது ஒரேயொரு வெள்ளிக்கிழமை திறப்பதற்கு, பிரதமர் டி.எஸ். சேனநாயக்க அவருடைய பேரன் சேர் ராசிக் பரீதிடம் சம்மதம் கேட்டார் என்றும் சொல்வார்கள். இந்தக் கதையைக் கேட்ட என் மகன், உள்ளே போகுமுன் கட்டிடத்தை இன்னொரு தரம் சுற்றிப் பார்த்தான்.

உள்ளே ஒரு கல் இருக்கிறது. சீனத்துக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்தது. முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். 1409ஆம் ஆண்டுத் திகதியிட்ட அந்தக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வின் பெயரிலும் காணிக்கைகளைச் சொல்கிறது. 1911இல் காலியில் ஒரு மதகை மூடிய கல்லாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்டது. ஓதப் பழகிக்கொண்டிருந்த என் இளைய மகள், தேய்ந்துபோன அந்த எழுத்துகளுக்குள் அலிஃபையும் லாமையும் தேடிக்கொண்டு கண்ணாடி அணிந்த முகத்தைக் கல்லோடு ஒட்டவைத்து நின்றாள். காவலர் வந்து அன்பாக விலக்க வேண்டியிருந்தது. தாமரைக் கோபுரத்துக்கும் ஏற வேண்டும் என்று மகன் அடம்பிடித்தான். அத்தனை பேருக்கும் டிக்கற் எடுக்கக் கையில் காசில்லை. அண்ணாந்து பார்ப்பதோடு சரி.

அஸருக்குப் பின் காலிமுகத்திடல். மனைவி செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்தாள். நம் ஊருக்குப் பக்கத்திலும் கடல் இருக்கிறது. ஆனால் அங்கே சூரியன் கடலிலிருந்து எழும்பும், இங்கே கடலுக்குள் இறங்கும். அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் இறால் வடையோடு பட்டம் விடுகிறவர்களின் பின்னால் ஓடினார்கள். சுமக்க ஒரு பையும் இல்லாததால் அவளை யாரும் கூப்பிடவில்லை.

அப்போது எனக்குத் தெரிந்த ஒரு விடயத்தைச் சொன்னேன். இந்தக் கடலோர நடைபாதையை 1856இல் தொடங்கி 1859இல் முடித்த ஆளுநர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைப் பேணிவரும்படி தமக்குப் பின் வரும் ஆளுநர்களைக் கேட்டுக் கல்லில் பொறித்து வைத்தார் என்றேன்.

அவள் கடலிலிருந்து பார்வையை எடுக்காமலே கேட்டாள்:

"இத்தனை வருசமா இது உங்களுக்குத் தெரியுமா?"