சிறுமேசையும் பெருமேசையும்

கணினித் திரையை ஒரு மேசையாகக் கருதுவது பழைய வழக்கு. அம்மேசையின் மீது எத்துணைப் பொருள்களைப் பரப்பி வைத்தல் தகும் என்பது பற்றி லினக்ஸ் பயில்வோரிடையே நெடுங்காலமாக ஒரு விவாதம் நிகழ்ந்து வருகின்றது. விற்பனைக்கு வரும் பிற இயக்க முறைமைகளில் இதற்குப் பெரிதும் இடமில்லை. அங்கே விற்பவரே மேசையையும் அமைத்துத் தருகின்றார். லினக்ஸிலோ, ஹெல்சிங்கி மாணவர் லினஸ் ரோவால்ட்ஸ் 1991இல் ஆக்கத் தொடங்கியது உட்கரு மாத்திரமே. திரையில் தோன்றும் கோலம் பிறருடைய கைவண்ணம். அதைத் தெரிவு செய்யும் பொறுப்பு பயனாளியைச் சார்ந்தது.

தொடக்கத்தில் ஒவ்வொரு செயலியும் ஒவ்வொரு தோற்றத்துடன் விளங்கிற்று. இக்குறையைப் போக்கும் நோக்குடன் 1996இல் ஜேர்மனியின் ரியூபிங்கனில் மத்தியாஸ் எற்றிக் என்பார் கே.டி.ஈ. எனும் பணிச்சூழலுக்கு வித்திட்டார். அது சார்ந்திருந்த நூலகத்தின் உரிமம் முழுமையான சுதந்திரம் அளிக்கவில்லை என்று கருதிய மெக்சிக்கோ நாட்டவரான மிகேல் டி இக்காசாவும் பெடெரிக்கோ மேனாவும் 1997இல் க்னோம் திட்டத்தைத் தொடங்கினர். 2000ஆம் ஆண்டில் அவ்வுரிமச் சிக்கல் தீர்ந்தது. இரண்டு வீடுகள் மட்டும் இரண்டாகவே நின்றுவிட்டன.

இத்தகைய முழுமையான பணிச்சூழலில் வலையமைப்பு, அச்சுப்பொறி, மின்கலம், ஒலி, திரைப்பூட்டு யாவும் ஒன்றோடொன்று இணைந்து இயங்கும். எளிமை விரும்புவோர் இவற்றை வேண்டாச் சுமை என்பர். அவர்களுக்கு வேண்டுவது சாளர மேலாளர் ஒன்றே. 2009இல் தோன்றிய ஐ3, வயலைப் பாத்தி பிரிப்பது போலத் திரையைப் பகுத்து, ஒரு சாளரம் மற்றொன்றை மறைக்காதவாறு நிறுத்துகின்றது. சுட்டியைத் தொடாமல் விசைப்பலகையாலேயே வேலை நடக்கும். 2006இல் வெளிவந்த டி.டபிள்யூ.எம். இன்னும் கடுமையானது. அதன் மூலநிரல் 2,000 வரிகளைத் தாண்டலாகாது என்பது ஆக்கியோரின் விதி. நிறம் ஒன்றை மாற்ற விரும்பினும் நிரலையே திருத்தி மீண்டும் தொகுக்க வேண்டும். புதியவர்கள் வந்து தொந்தரவு செய்யாமலிருக்க இதுவும் ஓர் உபாயம் என்று அவர்களே ஒளிவின்றி எழுதியுள்ளனர்!

நினைவகம் மிச்சமாகின்றது என்ற வாதம் பழைய கணினிகளுக்குப் பொருந்தும். புதியனவற்றில் அது அத்துணை வலுவுடையதன்று. மேசையில் மிச்சம் பிடித்ததை இணைய உலாவி ஒரு நொடியில் விழுங்கிவிடும். எளிமையாளரின் மெய்யான வாதம் வேறு. 2011இல் வெளியான க்னோமின் மூன்றாம் பதிப்பு, பயனாளர் பழகியிருந்த சாளரப் பட்டியலையும் சாளரத்தைச் சுருக்கும் பொத்தானையும் திரையிலிருந்து அகற்றியது. பல்லாண்டு பழகிய விரல்கள் திகைத்தன. ரோவால்ட்ஸே பகிரங்கமாகக் கண்டித்து எக்ஸ்.எவ்.சி.ஈ. என்ற சூழலுக்கு மாறினார்; பின்னர் திரும்பி வந்தார் என்பது வேறு கதை. பழைய பதிப்பை உயிரோடு வைத்திருக்க மாத்தே என்ற கிளை தோன்றியது. தன் வேலைத்தலத்தைத் தன்னைக் கேளாமல் பிறர் மாற்றலாகாது என்பதே சிறுமேசையாளரின் கவலை. அதை எளிதில் தள்ளிவிட முடியாது.

எனினும் அவர்களும் மாற்றத்துக்குத் தப்பியவரல்லர். டி.டபிள்யூ.எம். 1984இல் பிறந்த எக்ஸ் சாளர முறைமையைச் சார்ந்தது. அதற்குப் பதிலாக வேலண்ட் பரவியபோது, ஐ3 பழகியோருக்குச் சுவே என்ற மாற்று அமைந்தது. ஏனையோர் தாமே வழிதேட நேர்ந்தது.

இதனினும் கருதத்தக்கது ஒன்றுண்டு. பார்வையற்ற ஒருவருக்குத் திரையிலுள்ளதை வாசித்துக் கூறும் ஓர்க்கா, க்னோம் சூழலில் சிறு அமைப்பொன்றால் இயங்கத் தொடங்கும். தமிழில் தட்டெழுதுவதற்கான உள்ளீட்டு முறையும் அங்ஙனமே பட்டியலில் தெரிவு செய்யத்தக்கதாய் இருக்கும். வெறும் சாளர மேலாளரை ஏற்றவர் இவற்றைத் தாமே நிறுவி, தொடக்கக் கோப்பில் எழுதி, பிழை கண்டு திருத்த வேண்டும். ஆங்கிலத்தில் மாத்திரம் எழுதும், கண் தெளிவான நிரலாளருக்கு வேண்டாச் சுமையாகத் தோன்றுவது பிறிதொருவருக்குக் கைத்தடியாகின்றது.

இடைவழி கண்டோரும் உளர். எக்ஸ்.எவ்.சி.ஈ. சூழலை நிறுவி, அதன் சாளர மேலாளரை மட்டும் நீக்கிவிட்டு ஐ3ஐ அவ்விடத்தில் அமர்த்துகின்றனர். அச்சுப்பொறியையும் மின்கலத்தையும் பழைய சூழலே கவனித்துக்கொள்ள, சாளரங்கள் மாத்திரம் பாத்தி கட்டி நிற்கின்றன.